உறைந்த கால்வாயில் ஒரு பின்பனிக்காலம்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, மாசியையும் பங்குனியையும் பின்பனிக்காலம் என்றார்கள். நம்மூரில் அந்தப் பெயருக்கு இப்போது அதிகம் வேலையில்லை. மாசி பாதியிலேயே மின்விசிறி சுற்ற ஆரம்பித்துவிடும். அந்தச் சொல்லின் முழு எடையும் தெரிய வேண்டுமென்றால் கனடாவின் தலைநகர் ஓட்டாவாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே நவம்பரில் விழத் தொடங்கும் பனி, பிப்ரவரி கடைசியில் வீட்டு வாசலில் ஆள் உயரக் குவியலாக நிற்கும். ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மீட்டருக்கு மேல் பனி பொழியும் ஊர். காலையில் மைனஸ் பதினைந்து, மதியம் மைனஸ் இரண்டு, மறுநாள் பிளஸ் மூன்று, அதற்கடுத்த நாள் மறுபடி மைனஸ் பதினெட்டு என்று வானிலை தன் மனம்போல விளையாடும் மாதம் அது.

அந்த ஊரின் தென்பகுதியில், ரிடோ கால்வாய்க்கும் ரிடோ ஆற்றுக்கும் நடுவே, பழைய செங்கல் வீடுகள் நிறைந்த ஒரு பகுதி உண்டு. பெயர் ஓல்ட் ஓட்டாவா சவுத். அங்கே ஒரு தம்பதி. கணவருக்கு அறுபத்தாறு வயது, பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு அறுபத்திரண்டு. வாரத்தில் மூன்று நாள் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறார். கணவர் ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்தவர். மனைவி ஆற்றுக்கு அக்கரையில், கியூபெக் மாநிலத்தின் கடினோ நகரில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். சாதாரணப் பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும், கோபம் வந்தால் மனைவி பிரெஞ்சுக்கு மாறிவிடுவார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் கணவர் கற்றுக்கொண்ட பிரெஞ்சில் பாதி, திட்டு வாங்கிக் கற்றதுதான் என்று உறவினர்கள் கேலி செய்வார்கள்.

பின்பனிக்காலத்தில் அவர்கள் வீட்டுப் பிரச்சினைகள் எல்லாம் சின்னச் சின்னவை. ஆனால் ஒன்றுகூட ஓயாது. முதல் பிரச்சினை வெப்பநிலைக் கருவி. கணவருக்கு வீடு பத்தொன்பது டிகிரியில் இருந்தால் போதும். மனைவிக்கு இருபத்தொன்று வேண்டும். ஒருவர் கூட்ட, இன்னொருவர் அந்தப் பக்கம் போகும்போது சத்தமில்லாமல் குறைக்க, நாள் முழுக்க இது நடக்கும். இரண்டாவது, வாசல். உள்ளே நுழைந்ததும் பூட்ஸைக் கழற்றி ரப்பர் தட்டில் வைக்க வேண்டும். தெருவில் தூவும் உப்பு பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வந்து, காய்ந்ததும் தரை முழுக்க வெள்ளைத் திட்டாகப் படியும். கோலப்பொடி சிந்தியதுபோல இருக்கும் அந்த உப்பைத் துடைத்து மாளாது. கையுறை இரண்டில் ஒன்று எப்போதும் காணாமல் போயிருக்கும்.

மூன்றாவதுதான் பெரிது. பனி அள்ளுவது.

2025 பிப்ரவரி நடுவில் நான்கே நாள் இடைவெளியில் இரண்டு பெரும் பனிப்புயல்கள் ஓட்டாவாவைத் தாக்கின. டொரண்டோவும் மான்ட்ரியலும்கூடத் தப்பவில்லை. அந்த இரண்டாம் புயலுக்கு மறுநாள் காலையில் இந்த வீட்டின் பின்கதவைத் திறக்கவே முடியவில்லை. முன்கதவு வழியாக இறங்கி, இடுப்பளவு பனியில் பாதை வெட்டிக்கொண்டு காரைத் தேட வேண்டியிருந்தது. அள்ளுவதைவிட, அள்ளியதை எங்கே போடுவது என்பதுதான் அப்போது கேள்வி. டிசம்பரில் இடப்பக்கமும் வலப்பக்கமும் வீசிவிடலாம். பிப்ரவரியில் இரண்டு பக்கமும் தலைக்கு மேல் குவிந்திருக்கும். கரண்டிபோன்ற பெரிய மண்வாரியில் அள்ளி, தோளுக்கு மேல் தூக்கி எறிய வேண்டும். எறிந்ததில் பாதி சரிந்து காலடிக்கே திரும்பி வரும். ஒரு மணி நேரம் அள்ளி முடித்து நிமிரும்போது, நகராட்சியின் பனி அகற்றும் வண்டி தெருவோடு போகும். போகிற போக்கில், தெருவில் இருந்த பனியை எல்லாம் கெட்டியான வரப்பாக வாசல் குறுக்கே போட்டுவிட்டுப் போகும். அந்த நிமிடத்தில் ஓட்டாவாவில் பேசப்படும் மொழி எந்த அகராதியிலும் இருக்காது.

மற்ற வருடங்களில் இந்த வேலை கணவருடையது. இந்த முறை அவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 2024 கோடையில் அவருக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இயன்முறை மருத்துவர் நடக்கச் சொன்னார், சைக்கிள் மிதிக்கச் சொன்னார், படி ஏறச் சொன்னார். பனி அள்ளக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். வயதானவர்கள் குளிரில் பனி அள்ளும்போது மாரடைப்பு வருவது அங்கே ஆண்டுதோறும் கேள்விப்படும் செய்தி என்பதால், அந்தத் தடையில் மனைவிக்கு முழுச் சம்மதம். ஆனால் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து, "இடப்பக்கம் போடாதே, சரியும்" என்று யோசனை சொல்வதை மருத்துவர் தடுக்க மறந்துவிட்டார். மனைவி பதில் சொன்னார். பிரெஞ்சில்தான். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் வந்து மீதியை அள்ளிக் கொடுத்தான்.

கணவரின் கவலை வாசல் பனியைப் பற்றியது அல்ல. கால்வாயைப் பற்றியது.

ஊர் முழுக்க ஓடும் ஐஸ் பாதை

ரிடோ கால்வாய் ஓட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டர் நீளம். 1812 போருக்குப் பிறகு, அமெரிக்கா மறுபடி படையெடுத்தால் என்ன செய்வது என்ற பயத்தில் பிரிட்டிஷ்காரர்கள் வெட்டிய ராணுவ நீர்வழி. லெப்டினன்ட் கர்னல் ஜான் பை தலைமையில் 1826-ல் தொடங்கி 1832-ல் முடித்தார்கள். ஐரிஷ் கூலிகளும் பிரெஞ்சுக் கனடியர்களும் வெட்டிய கால்வாய் இது. ஏறத்தாழ ஆயிரம் பேர் உயிரிழந்தார்கள், அதில் பெரும்பங்கு மலேரியாவுக்கு. இவ்வளவு குளிர்ந்த ஊரில் மலேரியாவா என்று கேட்கத் தோன்றும். கோடையில் அந்தச் சதுப்பு நிலங்களில் கொசுவுக்குப் பஞ்சமே இல்லை. பயந்த போர் கடைசிவரை வரவில்லை. 2007-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

குளிர்காலத்தில் இந்தக் கால்வாயின் நகரப் பகுதி, 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு, பனிச்சறுக்குப் பாதையாகிவிடும். நகர மையத்தில் தேசியக் கலை மையத்தின் அருகே தொடங்கி, கார்ல்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹார்ட்வெல்ஸ் மதகில் முடியும். கட்டணம் கிடையாது. 1970-71 குளிர்காலத்தில் இதைத் தொடங்கிய கதையும் சுவாரசியம்தான். கால்வாயைச் சறுக்குத் தளமாக்கும் யோசனைக்கு நகரசபை ஒத்துக்கொள்ளவில்லை. தேசியத் தலைநகர ஆணையத்தின் தலைவராக இருந்த டக்ளஸ் ஃபுல்லர்டன், கையில் மண்வாரியும் துடைப்பமும் கொடுத்து ஆட்களை இறக்கிவிட்டார். கலை மையத்துக்குக் கீழே ஒரு சின்னத் துண்டு இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்தார்கள். ஜனங்கள் குவிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இப்போது நல்ல ஆண்டென்றால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாகும்.

இது வெறும் சுற்றுலாக் காட்சி இல்லை என்பதுதான் விசேஷம். முதுகில் பையோடு பல்கலைக்கழகத்துக்குச் சறுக்கிப் போகும் மாணவர்கள் உண்டு. கோட்டுக்கு மேல் அலுவலக அட்டையைத் தொங்கவிட்டபடி வேலைக்குப் போகும் அரசு ஊழியர்கள் உண்டு. நடக்கப் பழகாத குழந்தையை மரச் சறுக்குவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அப்பாக்களும் உண்டு. இந்தக் கணவரும் மனைவியும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தப் பாதையில் போகிறவர்கள். பிப்ரவரி கடைசியில் ஒருநாள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, 7.8 கிலோமீட்டரும் சேர்ந்து போய், கடைசியில் ஒரு பீவர்டெயில் வாங்கிச் சாப்பிட்டுப் பேருந்தில் வீடு திரும்புவது அவர்கள் வழக்கம். பிள்ளைகள் பிறந்த வருடங்களில்கூட நின்றதில்லை.

நின்றது 2023-ல். அந்தக் குளிர்காலத்தில் கால்வாய் ஒருநாள்கூடத் திறக்கப்படவில்லை. 1971-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. சறுக்குவதற்குத் திறக்க வேண்டுமென்றால் நல்ல ஐஸ் குறைந்தது 30 சென்டிமீட்டர் கனம் வேண்டும். குளிர் தொடர்ந்து நீடிக்காமல் விட்டுவிட்டு வந்ததால் அந்தக் கனம் சேரவே இல்லை. ஒவ்வொரு காலையும் போனில் ஆணையத்தின் அறிவிப்பைப் பார்ப்பது, சிவப்புக் கொடி, போனை மூடுவது என்றே மாதங்கள் போயின. அடுத்த ஆண்டு மொத்தமே பத்து நாள் திறந்தார்கள். அந்தப் பத்து நாளில் கணவர் காய்ச்சலோடு படுத்திருந்தார். சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வருடம் வருவதற்குள் முழங்கால் வந்துவிட்டது.

2025-ல் கால்வாய் மனம் இரங்கியது. ஜனவரி 11-ல் திறந்தார்கள். பச்சைக் கொடி. ஊரே கொண்டாடியது. கணவர் மட்டும் இயன்முறை மருத்துவரின் அறையில் ரப்பர் பட்டையைக் காலால் இழுத்துக்கொண்டிருந்தார். ஐஸ் தயார், கால் தயாராகவில்லை. கால் தயாராகும்வரை ஐஸ் தாங்குமா? அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது.

ஐஸ் எப்படித் தயாராகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்டோபரில் படகுப் போக்குவரத்து முடிந்ததும் கால்வாய் நீரைத் தாழ்த்திவிடுவார்கள். மேற்பரப்பு உறைந்த பிறகு கனம் கீழ்நோக்கி வளரும். அப்போது ஐஸுக்கு முதல் எதிரி, பலர் நினைப்பதுபோல வெயில் அல்ல, பனிதான். மேலே விழும் பனி கம்பளிபோல மூடிக்கொண்டு குளிரை உள்ளே விடாது. அதனால் ஆட்கள் ஏறினால் தாங்கும் என்று தெரிந்தவுடனேயே பனியை வாரி ஒதுக்குவார்கள். பிறகு இரவில் ஐஸைத் துளையிட்டு, அடியில் இருக்கும் நீரை இறைத்து மேலே பரப்புவார்கள். அது உறைந்து மழமழவென்று ஆகும். தெளிவாகக் கருநீலமாகத் தெரியும் ஐஸ் பலமானது. பனி கலந்து வெளுத்துப்போன ஐஸ் அதே கனத்தில் பாதி பலம்தான் இருக்கும். குளிர்காலங்கள் சுருங்கி வருவதால், இருக்கும் குளிரிலேயே ஐஸைச் சீக்கிரம் வளர்ப்பது எப்படி என்று ஆணையம் கார்ல்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

காத்திருந்த நாட்கள்

மருத்துவர் அனுமதிக்காத நாட்களில் அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் பிப்ரவரி மனிதரைத் தின்றுவிடும் என்பது அந்த ஊரார் அனுபவம். ஜனவரி தொடக்கத்தில் நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். பிப்ரவரி கடைசியில் அது ஐந்தே முக்காலை நெருங்கும். அந்த ஒரு மணி நேர வெளிச்சத்துக்காக மனிதர்கள் வெளியே ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

நகரத்தின் மேற்கே ஸ்டோனி ஸ்வாம்ப் என்ற காட்டில் ஜேக் பைன் பாதை என்று ஒன்று உண்டு. மேடு பள்ளம் குறைவு, முழங்காலுக்கு நல்லது. பூட்ஸுக்கு அடியில் சிறிய இரும்பு முட்கள் வைத்த ரப்பர் வலையை மாட்டிக்கொண்டு அங்கே நடப்பார்கள். கறுப்புத் தொப்பி போட்டதுபோலத் தலை கொண்ட சிக்கடீ என்ற குருவி அங்கே ஏராளம். பதினொரு கிராம் எடை. அத்தனை சின்ன உடம்பை வைத்துக்கொண்டு மைனஸ் முப்பதிலும் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கிறது. மனிதர்களோடு நன்றாகப் பழகியது. கையை நீட்டி அசையாமல் நின்றால், ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க விரல் நுனியில் வந்து உட்காரும். உட்கார்ந்த எடையே தெரியாது, நகம் குளிர்வது மட்டும்தான் தெரியும். பிப்ரவரி ஆனதும் இந்தக் குருவி தன் வழக்கமான கத்தலை விட்டு, இரண்டே சுரத்தில் ஒரு மெல்லிய சீட்டி அடிக்கத் தொடங்கும். இணை தேடும் பாட்டு. வெளியே எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்க, அந்தச் சீட்டிதான் பருவம் திரும்புகிறது என்பதற்கான முதல் தகவல். மனைவி அதை அப்படியே அடித்துக் காட்டுவார், குருவியும் பதில் சொல்லும். கணவருக்குச் சீட்டி வராது.

மனைவிக்கு விடுமுறை நாளென்றால் ஆற்றைக் கடந்து கடினோ பூங்கா. பெயர்தான் பூங்கா, உண்மையில் 361 சதுர கிலோமீட்டர் காடும் குன்றும் ஏரியும். நீள்பலகை கட்டிக்கொண்டு சறுக்கிப் போகிற பாதைகள் அங்கே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நடுக்காட்டில் மரக் குடில்கள் இருக்கும், உள்ளே விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும். வந்தவர்கள் எல்லோரும் நனைந்த கையுறையையும் தொப்பியையும் அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சூப் குடிப்பார்கள். ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் கலந்த வாசனைக்கு ஒரு பெயர் வைத்தால் அதுதான் கனடாவின் குளிர்காலம். இந்த முறை மனைவி மட்டும் சறுக்கிப் போனார். கணவர் பனிக்காலணி கட்டிக்கொண்டு, அதற்கென்று இருக்கும் பாதையில் மெதுவாக நடந்து குடிலுக்கு வந்து சேர்ந்தார். யார் முதலில் வந்தார் என்பதில் இன்றுவரை வழக்கு தீரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரின் பழைய சகா ஒருவர் ஓட்டாவா ஆற்றின்மேல் மீன் பிடிக்க அழைத்துப் போனார். உறைந்த ஆற்றின்மேல் வண்ண வண்ண மரக் கொட்டகைகள், உள்ளே சின்ன அடுப்பு, தரையில் துளையிட்ட ஓட்டை, ஓட்டையில் தூண்டில். மார்ச்சில் குறிப்பிட்ட தேதிக்குள் கொட்டகையை அகற்றிவிட வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் வசந்தத்தில் அது ஆற்றோடு போய்விடும். நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஒரு மீனும் பிடிக்காமல் இருவரும் மிகுந்த திருப்தியோடு திரும்பி வந்தார்கள்.

அந்த ஒரு காலை

புயல் பனியை வாரி ஒதுக்கிக் கால்வாயைத் திரும்பத் திறந்த பிறகு, ஒரு வாரநாள் காலையில் இயன்முறை மருத்துவர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கணவர் நின்றார். "சறுக்கலாமா?" என்று கேட்டபோது, "ஐம்பது வருடமாகச் சறுக்குகிறவருக்குச் சறுக்குவது ஆபத்தில்லை, விழுவதுதான் ஆபத்து. கொஞ்ச தூரம் போங்கள்" என்றார்.

கொஞ்ச தூரம் என்றால் எவ்வளவு? அன்று இரவு சாப்பாட்டு மேசையில் இதுதான் விவாதம். கணவரின் கணக்கில் 7.8 கிலோமீட்டர் என்பது கொஞ்ச தூரம். மனைவியின் கணக்கில் வாசலிலிருந்து தபால்பெட்டி வரைக்கும் கொஞ்ச தூரம். முழுசாகப் போகாவிட்டால் போனதாகவே கணக்கில்லை என்றார் கணவர். விழுந்தால் இந்த வருடம் மட்டும் இல்லை, இனி எந்த வருடமும் இல்லை என்றார் மனைவி. மூன்றாம் வருடமும் போய்விடும், அடுத்த வருடம் ஐஸ் இருக்குமா என்று யார் சொல்வது என்றார் கணவர். அதற்கு மனைவியிடம் பதில் இல்லை. இருவருமே சொன்னது சரிதான் என்பதால் விவாதம் முடியவில்லை. பாத்திரம் கழுவும்போது மனைவிதான் வழி கண்டுபிடித்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மனைவி ஹார்ட்வெல்ஸ் முனையில் இறங்கினார். பின்பனிக்காலத்தில் காலைதான் நல்ல நேரம். பகல் வெயிலில் மேலே இளகும் ஐஸ் இரவில் மறுபடி உறைந்து கெட்டியாக இருக்கும். மதியத்துக்குமேல் மேல்பரப்பு சர்க்கரைபோல நொறுங்கத் தொடங்கும், சில இடங்களில் தடுப்பு வைத்துவிடுவார்கள். டௌஸ் ஏரியின் அகன்ற வெளியைத் தாண்டி, பேங்க் தெருப் பாலத்துக்கு அடியில் புகுந்து, வளைவுகளில் சாய்ந்து, அவர் தனியாக வந்துகொண்டிருந்தார். பழைய நாட்களில் முன்னால் போகும் கணவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்த பாதை. முதல்முறையாக முன்னால் யாருமில்லை. அது அவருக்குப் பிடித்திருந்ததாகப் பிறகு ஒத்துக்கொண்டார்.

கணவர் பேருந்தில் பிரிட்டோரியா பாலத்துக்கு வந்து, படியில் இறங்கி, கால்வாயோரப் பலகையில் உட்கார்ந்து சறுக்குக் காலணியைக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்து நகர மையம்வரை கடைசிப் பகுதி மட்டும் இருவரும் சேர்ந்து போவதாக ஒப்பந்தம். குனிந்து கயிறு கட்ட முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வந்து சேர்ந்த மனைவி மண்டியிட்டுக் கட்டிவிட்டார். கட்டும்போது எதுவும் பேசவில்லை. எழுந்து நின்றபோது கணவரின் கால்கள் லேசாக நடுங்கின. குளிர் என்றார். மைனஸ் பதினான்கு, குளிரும்தான்.

முதல் இருபது அடி, நடக்கப் பழகும் குழந்தையின் நடை. பள்ளிப் பையன் ஒருவன் சர்ரென்று பக்கத்தில் கடந்துபோக, மனைவியின் கையை இறுகப் பிடித்தார். அதற்குப் பிறகு உடம்புக்கு ஞாபகம் வந்தது. இடது காலால் ஒரு தள்ளு, வலதில் ஒரு நழுவல். வலது கால் பயந்து பயந்து தொட்டது, பிறகு பயப்படுவதை மறந்தது. வண்டி ஓட்டியவர் அல்லவா, வளைவு வந்ததும் தன்னாலே சாய்ந்தார். இரும்பு விளிம்பு ஐஸைக் கீறும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. பாலங்களுக்கு அடியில் அந்தச் சத்தம் இரட்டிப்பாகக் கேட்கும். இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார்கள். ஒருமுறை மனைவி போட்டோ எடுப்பதாகச் சொல்லி நிறுத்தினார். போட்டோவுக்காக நிற்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

நகர மையத்து முனையில் ஷாட்டோ லோரியே ஓட்டலின் கோபுரங்கள் தெரிந்ததும் பீவர்டெயில் கடை. பீவர் என்பது கால்வாயிலும் ஆற்றிலும் அணை கட்டி வாழும் நீரெலி போன்ற விலங்கு, கனடாவின் தேசியச் சின்னம். அதன் வால் தட்டையாக நீண்டிருக்கும். கோதுமை மாவை அந்த வால்போல இழுத்துத் தட்டி எண்ணெயில் பொரித்து, சுடச்சுட இலவங்கப்பட்டையும் சர்க்கரையும் தூவித் தருவார்கள். நம்மூர்ப் பூரிக்கு ஒன்றுவிட்ட தம்பி. 1978-ல் கில்லலூ என்ற சிற்றூரில் ஒரு தம்பதி விற்கத் தொடங்கிய பண்டம் இது. 2009-ல் ஓட்டாவா வந்த அதிபர் ஒபாமா சந்தைக் கடையில் இறங்கி வாங்கிய பிறகு உலகப் புகழ் பெற்றுவிட்டது. மேலே எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவதுதான் கணவருக்குப் பிடிக்கும். உறைந்த மீசையோடு அவர் அதைக் கடித்துக்கொண்டிருந்தபோது மனைவி மணியைப் பார்த்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது.

அன்று மாலை முழங்கால் வீங்கிவிட்டது. ஒத்தடத்துக்கு ஐஸ் பை தேடவில்லை. வாசல் குவியலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் பனியை அள்ளிக் கட்டி வைத்துக்கொண்டார். இத்தனை நாள் தொல்லை கொடுத்த பனி அன்று ஒரு வேலை செய்தது. இரண்டு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. மனைவி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெப்பநிலைக் கருவியை மட்டும் இருபத்திரண்டில் வைத்தார். கணவர் குறைக்கவில்லை.

மார்ச் 9-ல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். சூரியன் மறைவது ஏழு மணிக்குத் தாவியது. அந்த மாதத்திலேயே கால்வாயில் சிவப்புக் கொடி ஏறி, அந்தப் பருவம் முடிந்தது. மொத்தம் ஐம்பது நாளுக்கு மேல் திறந்திருந்தது. பழைய நாட்களில் அது சாதாரணம்.

ஐஸை முடித்துவைக்கும் அதே வானிலைதான் மேப்பிள் மரத்தைத் திறந்துவிடும். இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே, பகல் பூஜ்ஜியத்துக்கு மேலே என்று சில வாரங்கள் நடந்தால் மரத்துக்குள் அழுத்தம் மாறி, பட்டையில் போட்ட துளை வழியாகச் சாறு சொட்டும். தண்ணீர்போல இருக்கும், இனிப்பு இரண்டு சதவீதம் அளவுக்குத்தான். நாற்பது லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததும் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். அதே அகன்ற பாத்திரம், அதே விறகு, அதே நீராவி, பதம் தப்பிவிடக் கூடாதே என்று கண் இமைக்காமல் நிற்கும் அதே ஆள். வெப்பம் 104 டிகிரியைத் தொட்டதும் பாகு தயார். இன்னும் காய்ச்சி உருட்டுப் பதம் வந்ததும், சுத்தமான பனியை மரத்தொட்டியில் நிரப்பி, அதன்மேல் கோடுபோல ஊற்றுவார்கள். நொடியில் இறுகி ஜவ்வு மிட்டாய்போல ஆகிவிடும். ஒரு குச்சியில் சுருட்டிக்கொண்டு சாப்பிட வேண்டும். உலகத்து மேப்பிள் பாகில் பெரும்பகுதி கியூபெக்கில்தான் தயாராகிறது. மனைவிக்கு அதில் சொந்தப் பெருமை. ஒன்டாரியோ பாகை அவர் வீட்டுக்குள் விடுவதில்லை.

மார்ச் நடுவில் ஒரு சனிக்கிழமை, மனைவியின் அண்ணன் தங்கை குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து கடினோவுக்கு வெளியே ஒரு பாகுக் கொட்டகைக்குப் போனார்கள். நீண்ட மேசையில் பட்டாணி சூப், பீன்ஸ், முட்டை, பன்றி இறைச்சி, அடை. எல்லாவற்றின் மேலும் பாகு. குழந்தைகள் குச்சியோடு தொட்டியைச் சுற்றி நின்றார்கள். கணவர் இரண்டாம் முறை வரிசையில் நின்றதை மருத்துவரிடம் சொல்லப்போவதாக மைத்துனர் மிரட்டினார்.

திரும்பும் வழியில் சாலை முழுக்கக் குழி. உறைந்தும் இளகியும் தார் பிளந்து, வசந்தம் வருவதற்கு முன் எல்லாச் சாலையும் இப்படித்தான் ஆகும். ஒரு குழியில் கார் இறங்கி ஏற, பின் இருக்கையில் வைத்திருந்த ஆறு பாகு டப்பாக்களும் உருண்டு விழுந்தன. ஓட்டியது மனைவி. "இடப்பக்கம் ஒதுங்கியிருக்கலாம்" என்றார் கணவர். அதற்கு வந்த பதிலில் அவருக்குத் தெரியாத ஒரு பிரெஞ்சுச் சொல் இருந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டார். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றார் மனைவி.

வீட்டில் சறுக்குக் காலணிகள் இரண்டு ஜோடி, ஈரம் துடைத்து, விளிம்பில் எண்ணெய் தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றி நிலவறைப் படிக்கட்டின் கீழே போய்விட்டன. மனைவியுடையது இன்னும் பல வருடம் வரும். கணவருடையதில் கயிறு நைந்திருந்தது. புதுக் கயிறு ஒரு ஜோடி வாங்கி உள்ளே போட்டு வைத்தார்.